வேணி பாடிய தாய் டேப்

சென்ற மாதம் ஒரு பெண்மணி கொல்லங்கோட்டில் என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. தோளில் லேப்டாப் பை, கையில் பழுப்பேறிய ஒரு இசைத்தட்டு உறை. உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டன்மேட்டு முத்துராஜின் மகள் என்று அவர் சொல்லும் முன்பே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பெயர் கீதா. அப்பா போய்ப் பல வருடம் ஆயிற்றாம், அம்மா வேணி போன வருடம் தவறினாராம். இப்போது பாட்டிலிருந்து குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வந்திருக்கிறது அல்லவா, அதில் அந்தப் பழைய ரெக்கார்டைக் கொடுத்து யாரோ ஒரு பையனை வைத்து அம்மாவின் குரலைப் பிரித்திருக்கிறார். மூன்று விதமாக வந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. எது சரியான குரல் என்று சொல்ல உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"எங்கம்மா குரல நான் தனியாக் கேட்டதே இல்லைங்கய்யா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு. இந்த மூணுல எது அம்மான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்தக் குரலைத் தொலைத்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய அம்மா மகளிடம் கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் என் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஒலிப்பதிவுத் தொழிலில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். இப்போது வருகிற பிள்ளைகள் பழைய அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டால், நாதஸ்வரத்துக்கு மைக்கை எத்தனை அடி தள்ளி வைப்பது என்று எதையாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வேன். இந்த முறை தப்பிக்க மனம் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் வயர் சுற்றினேன், மைக் ஸ்டாண்டு தூக்கினேன், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெஷினைத் துடைத்தேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது என் மேலதிகாரி வைத்தி சாரைப் பற்றித்தான்.

வைத்தி சார் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். ஒல்லியான மனிதர். டேப்பைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்து, பிறகு கையைக் காற்றில் காட்டி ஈரம் போக ஆட்டுவார். கத்தரிக்கோலைக் கூட காந்தம் ஏறியிருக்கிறதா என்று ஒரு குண்டூசியை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் டேப்பின் பக்கம் கொண்டுவருவார். திட்ட மாட்டார். தப்புச் செய்தால் நாம் செய்த வேலையை நம் கண் முன்னாலேயே முதலிலிருந்து அவர் செய்வார். அதற்குத் திட்டே தேவலை.

எல்லாவற்றையும் விட அவர் கறாராக இருந்தது டேப்பை அழிக்கும் விஷயத்தில். வெளிநாட்டு டேப் கிடைப்பது அன்றைக்குக் குதிரைக் கொம்பு. அதனால் வேண்டாத பதிவை அழித்துவிட்டு அதே ரீலில் மறுபடி பதிவு செய்வோம். அழிப்பதற்கு இரேசர் என்று ஒரு கனத்த மின்காந்தப் பெட்டி. ரீலை அதன் மேல் வைத்து நாலு சுற்று சுற்றினால் போதும், அரை மணி நேரப் பாட்டு அரை நிமிடத்தில் காணாமல் போகும். சத்தம் கித்தம் ஒன்றும் வராது. அதனாலேயே சார் ஒரு முறை வைத்திருந்தார். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம்பக் கூடாது. ரீலை மெஷினில் போட்டு ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்திலும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அது யாருடைய குரல் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் இரேசர்.

"அழிக்கறதுக்கு முன்னாடி காது கொடு. அது ஒரு மரியாதையாக்கும்" என்பார். ஒருமுறை 'சோதனை' என்று எழுதியிருந்த ரீலைப் போட்டுப் பார்த்தபோது, அந்த வருடம் காலமான ஒரு கதகளிப் பாடகரின் கடைசிப் பதிவு அதில் இருந்தது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை நேரில் பார்த்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஒரு வைகாசியில் முத்துராஜ் எங்கள் கூடத்துக்கு வந்தார். ஏலத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, போடிப் பக்கத்துப் பூர்வீகம். பெங்களூரில் படித்தபோது எலெக்ட்ரிக் கிதார் பிடித்தவர். மனைவி வேணி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் பாட்டெழுதுவார், பாடுவார். இவர் மெட்டமைத்துக் கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் வாசிப்பார். இரண்டே பேராக எட்டுப் பாட்டில் ஒரு ராக் ஆல்பம், தமிழில். அன்றைக்கு அப்படியெல்லாம் யாரும் கேள்விப்பட்டதில்லை. பக்திப் பாட்டும் நாடகமும் பதிந்துகொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கிதாரை எந்தப் பக்கம் வைத்துப் பதிவது என்றே தெரியவில்லை.

அவசரம் ஒன்று இருந்தது. வேணிக்குக் கழுத்தில் கழலைக்கட்டி. ஆடி பிறந்ததும் மதுரையில் ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. கத்தி படுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது, குரல் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். அதற்கு முன் பதிந்துவிட வேண்டும். அலைய முடியாத நிலைமை என்பதால் தோட்டத்துக்கே மெஷினைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். வைத்தி சார் சம்மதித்தார். இரண்டு டேப் மெஷின், இரேசர், ஆறு ரீல், இவற்றோடு நாங்கள் இருவரும் கம்பம் வழியாக மலையேறினோம்.

காய் பறிப்புத் தொடங்காத காலம். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் காலியாகக் கிடந்தது. ஒரு பக்கம் விறகு அடுப்பு, அதிலிருந்து அறைக்குள் ஓடும் சூட்டுக் குழாய், குழாய்க்கு மேலே அடுக்கடுக்காக வலைத் தட்டுகள். அடுத்த அறையில் மெஷினை வைத்தோம். மேலே தகரக் கூரை. மழை பெய்தால் பதிவு செய்ய முடியாது, அங்கேயோ மழை நிற்பதே அதிசயம். விடிந்து இரண்டு மணி நேரம் மட்டும் வானம் வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேணி பாடுவார்.

எங்கள் முறை இது. முதலில் ஒரு ரீலில் ஒரு டிராக்கில் வேணியின் குரல் மட்டும், மறு டிராக்கில் சாதாரணக் கிதார். எட்டுப் பாட்டும் அந்த ஒரே ரீலில் அடங்கின. இதைத் தாய் டேப் என்போம். பிறகு இதை இரண்டாவது மெஷினுக்கு நகல் எடுக்கும்போதே முத்துராஜ் கூடச் சேர்ந்து எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பார். அந்த நகலை மறுபடி நகல் எடுக்கும்போது பேஸ். அடுத்த நகலில் டிரம்ஸ். இப்படி ஒருவரே நாலு பேராக வாசிக்கலாம். கெடுதல் என்னவென்றால், ஒவ்வொரு நகலிலும் முதலில் பதிந்தது மங்கும், இரைச்சல் ஏறும். முதலில் பதிந்தது வேணியின் குரல்.

வேணிக்கு அது புரிந்தே இருந்தது. இரண்டாவது நகலைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாத்தீங்களாண்ணே, என்னையக் கொண்டுபோயி ரசத்துக்கு அடியில பருப்பாப் போட்டுட்டாரு." முத்துராஜும் சிரித்தார். ஆனால் ஒரு கிதார் குறைக்கச் சொன்னால் ஒன்று கூட்டுவார். மனைவியின் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆபரேஷனை நினைத்துப் பயந்து பயந்து, அந்தப் பயத்தை எல்லாம் கிதாரில் போட்டு அவர் குரலுக்கு மேல் அடுக்கிக்கொண்டிருந்தார் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன்.

தாய் டேப் பதிந்து முடிந்ததும் வைத்தி சார் வேறு வேலையாகப் பாலக்காட்டுக்குத் திரும்பினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை கிதாரை அடுக்கி அடுக்கிக் கெடுத்துக்கொள்வான், தாய் டேப் பத்திரமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், அதை உன் கண்ணைப் போலப் பார்த்துக்கொள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் தடவையாக ஒரு பதிவு முழுக்க என் பொறுப்பில்.

கடைசி வாரம் விடாத மழை. டேப் வைக்கும் அட்டைப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ரீலில் மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்ததும் ஈரத்தில் கை பட்டு அழிந்து போயிருந்தது. பெட்டிகளை மட்டும் உலர்த்தலாம் என்று ரீல்களை வெளியே எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். அதே வரிசையில் பெட்டிகளை ஸ்டோரில் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை ஒவ்வொன்றாக வைத்தேன். மேல் தட்டில் தாய் டேப்பின் பெட்டி. அடித்தட்டில் 'நகல், வேண்டாம்' என்று எழுதிய பெட்டி. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பாண்டி அண்ணன் லேசாக அடுப்பு மூட்டிக் கொடுத்தார்.

ஏலக்காய் உலர்த்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடித்தட்டுக்குச் சூடு அதிகம், மேல்தட்டுக்குக் குறைவு. அதனால் பாதி நேரத்தில் அடித்தட்டை மேலேயும் மேல்தட்டைக் கீழேயும் மாற்றிப் போட வேண்டும். பாண்டி அண்ணன் இருபது வருடமாகச் செய்கிற வேலை அது. மதியம் வந்தார், பெட்டி கருகிவிடக் கூடாதே என்று தட்டை மாற்றிப் போட்டுவிட்டுப் போனார். அவர் மேல் எள்ளளவும் தப்பு இல்லை. பெட்டிகள் நன்றாகக் காய்ந்து ஏலக்காய் மணத்தோடு வந்தன. நான் மேலிருந்து கீழாக எடுத்து, மேசையில் இருந்த வரிசைப்படியே ரீல்களை உள்ளே போட்டு மூடினேன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாலாவது தெரிந்திருக்கும். வரிசையை நம்பினேன்.

மறுநாள் கடைசி நகல். டிரம்ஸ் மட்டும் பாக்கி. ஒரு காலி ரீல் வேண்டும். கரண்ட் அங்கே மத்தியானத்துக்கு மேல் இறங்கிவிடும், இறங்கினால் மெஷினின் வேகம் குறையும், பாட்டின் சுருதியே மாறிவிடும். முத்துராஜ் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நகல், வேண்டாம்' என்ற பெட்டியிலிருந்து ரீலை எடுத்தேன். ஆரம்பம், நடு, கடைசி என்று கேட்க மூன்று நிமிடம் ஆகும். கேட்கவில்லை. இரேசரின் மேல் வைத்து நாலு சுற்று சுற்றினேன். கை கூடக் கழுவவில்லை.

டிரம்ஸ் நன்றாக வந்தது. முத்துராஜ் ஜீப்புக்கு ஏற்பாடு செய்ய வெளியே போய்விட்டார். நான் எல்லாவற்றையும் கட்டி வைக்கும் முன், நிம்மதிக்காகத் தாய் டேப்பை ஒருமுறை கேட்போமே என்று அந்தப் பெட்டியைத் திறந்து ரீலைப் போட்டேன். வேணியின் குரல் வர வேண்டிய இடத்தில் கிதாரும் இரைச்சலும் வந்தன. நகல். எல்லாப் பெட்டியையும் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தாய் டேப் எதிலும் இல்லை. அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேணி கட்டன்காப்பி கொண்டுவந்தார். கழுத்தில் ஒரு மப்ளர். மறுநாள் காலை மதுரைக்குக் கிளம்ப வேண்டும். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கேட்டார்.

"என்னண்ணே, எல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்குதுங்க அம்மிணி" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். பயம்தான். வைத்தி சாரின் முகம், வேலை, பெருமை எல்லாம் சேர்ந்த பயம். கடைசி நகல் இருக்கிறதே, முத்துராஜுக்கு அது பிடித்துவிட்டால் தாய் டேப்பை யார் கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் கூட ஒருவாறு தாங்கியிருப்பேன். மறுநாள் காலை மழை இல்லை. மூன்று வாரத்தில் அப்படி ஒரு வெளிச்சமான காலை வந்ததே இல்லை. ஜீப் டிரைவர் டயர் மாற்ற வேண்டுமென்று ஒரு மணி நேரம் கேட்டார். வேணி புடவை கட்டித் தயாராக ஸ்டோர்ப் படியில் வந்து உட்கார்ந்து மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடினார். நான் உள்ளே வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மெஷின்கள் இன்னும் பெட்டியில் ஏறவில்லை. அவர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"இன்னைக்குக் குரல் நல்லா இருக்குண்ணே. வண்டி கெளம்ப நேரம் இருக்கு. எதையாச்சும் திரும்பப் பாடணுமா?"

ஒரு மணி நேரம். எட்டுப் பாட்டுக்கு அரை மணி போதும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும். அவர் கோபித்திருக்கக் கூட மாட்டார், சிரித்துக்கொண்டே மைக்கின் முன்னால் போய் நின்றிருப்பார்.

"வேண்டாமுங்க அம்மிணி" என்றேன்.

பாலக்காடு திரும்பியதும் என்னால் மறைக்க முடியவில்லை. வைத்தி சாரிடம் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். அழிப்பதற்கு முன் காது கொடுத்தாயா என்று ஒன்று. அவர்களிடம் சொன்னாயா என்று ஒன்று. இரண்டுக்கும் இல்லீங்க என்றேன். சார் வெகுநேரம் கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல பண்ணினது கைப்பிழை. அது யாருக்கும் வரும். ரெண்டாவது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உடனே தோட்டத்துக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க மறுநாள் ஆயிற்று. கிடைத்தபோது, அன்று காலைதான் ஆபரேஷன் என்றார்கள்.

நாலு மாதம் கழித்து இருவரும் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். கட்டி போய்விட்டது, உயிருக்கு ஆபத்து இல்லை. குரல் போயிருந்தது. காதருகே வந்து பேசினால் மட்டும் கேட்கிற காற்றுதான் மிச்சம். எங்கள் பெரிய ஸ்பீக்கரில் கடைசி நகலைப் போட்டோம். முத்துராஜ் இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிட்டார். தோட்டத்துச் சின்ன ஸ்பீக்கரில் தெரியாதது இங்கே தெரிந்தது. எட்டுப் பாட்டிலும் கிதார்தான் இருந்தது. வேணி எங்கோ மலைக்கு அந்தப்பக்கம் நின்று பாடுவது போல இருந்தார். முத்துராஜின் கண் கலங்கியிருந்தது. "தப்பு பண்ணிட்டேன் சார். எல்லாத்தையும் எடுத்துருவோம். தாய் டேப்பப் போடுங்க, அவ குரலும் ஒரு கிதாரும் போதும்" என்றார்.

வைத்தி சார் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் பார்வையில் இருந்தது. சொன்னேன். தட்டு மாறியது, நான் கேட்காமல் அழித்தது, அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

முத்துராஜ் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேணி எழுந்து என் பக்கத்தில் வந்தார். குனிந்து என் காதருகே பேசினார், வேறு வழியில் அவரால் பேச முடியாது.

"அன்னைக்குக் காலையில நான் கேட்டேன்ல அண்ணே."

அவ்வளவுதான். போகும்போது அந்த அழிந்த ரீலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் மேல் இப்போது டிரம்ஸோடு கடைசி நகல் இருந்தது. இருந்தும் வேணி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் உட்கார்ந்தார். அந்த ரீலிலிருந்து எடுத்த நகலை வைத்து ரெக்கார்டு வெளிவந்தது. உறையில் பேசி வைத்திருந்தபடி அவர் பெயர்தான் முதலில், 'வேணி - முத்துராஜ்' என்று. கேட்டவர்கள் கிதாரை மெச்சிவிட்டு, பின்னால் பாடுகிற பெண் யார் என்று கேட்டார்கள்.

வைத்தி சார் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் எந்த ரீலை அழிப்பதானாலும் என்னை அழைத்து, பக்கத்தில் நிற்க வைத்து, அவரே மூன்று இடத்திலும் கேட்டு, யார் குரல் என்று அவரே சொல்லி, அவரே அழித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் கீதாவிடம் சொல்வதற்கு முன், அவர் லேப்டாப்பைத் திறந்து என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். மூன்றும் ஒரே பாட்டு. முதலாவதில் குரல் கணீரென்று இருந்தது. இரண்டாவது கொஞ்சம் கனம். மூன்றாவதில் மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. இரைச்சல் துளியும் இல்லை. இல்லாததை அந்த மென்பொருள் தானே யூகித்து இட்டு நிரப்பியிருக்கிறது.

மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த விடிகாலைகளில் வேணிக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து அவர் குரலை மட்டும் தனியாகக் கேட்டவர்கள் மூன்றே பேர். மற்ற இருவரும் போய்விட்டார்கள். கண்ணை மூடி எவ்வளவோ முயன்றேன். எனக்கு வந்ததெல்லாம் காதருகே கேட்ட அந்தக் காற்று மட்டும்தான். அவர் பாடிய குரல் என் தலைக்குள்ளும் அழிந்து போயிருக்கிறது.

கீதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது என்று விரலைக் காட்டியிருந்தால் போதும், அந்தப் பெண் சந்தோஷமாகப் போயிருப்பார், சாகும் வரை அதையே அம்மா என்று கேட்டுக்கொண்டிருப்பார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிலைப்படியில் நின்று கேட்ட வேணியின் நினைவு வந்தது.

"தெரியலீங்க அம்மிணி. எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன். பிறகு மேலே எழுதியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

நான் சொல்லி முடித்ததும் கீதா லேப்டாப்பை மூடினார். பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் மேசையில் வைத்தார். மூன்றும் இதில் இருக்கின்றன, தன்னிடம் இருப்பதைத் தான் அழித்துவிடப்போவதாகவும் இதை நான் அழித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா அல்லாத ஒருவரை அம்மா என்று வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "அம்மா உங்களப் பத்தி ஒருநாளும் தப்பாச் சொன்னதில்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதமாக அது மேசையிலேயே கிடக்கிறது. தினமும் காலையில் கை கழுவிவிட்டு உட்கார்ந்து ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்திலும் கேட்கிறேன். அழிப்பதற்கு முன் அது யார் குரல் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் சொல்ல வரவில்லை.